முகம் ஏழு

திருப்பதி
9 ஜூன் 2025

மோகன்,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால் தபாலில் வருகிறேன். நான் கடைசியாகத் தமிழில் கடிதம் எழுதியது நகரி ஸ்கூலில், காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு கேட்டு. இன்று பொய் இல்லை, ஆனால் காய்ச்சல் வந்தவள் போலத்தான் இருக்கிறேன்.

கேட்க வேண்டியதை முதலில் கேட்டுவிடுகிறேன். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? அம்மாவிடம் கேட்டால், "அட்டை காலியாய்க்கினேதான் கீது, துன்றான் போல" என்கிறாள். அந்தப் 'போல' என்னைத் தூங்க விடுவதில்லை. உன் கிட்னியில் கோளாறு என்று தெரிந்த நாளிலிருந்து டாக்டர் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஸ்டீராய்டை அவர் சொல்லித்தான் குறைக்க வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது. முகம் உப்பும், பசிக்கும், கோபம் வரும், மருந்து குறையக் குறைய எல்லாம் வடிந்துவிடும். உனக்குத் தெரியாததா? தெரிந்தவனிடமே திரும்பத் திரும்பச் சொல்வது என் வியாதி.

இனி சண்டைக்கு வருகிறேன். ஆமாம், ஆப்பில் இருக்கும் பத்து முகங்களில் ஏழாவது உன்னுடையதுதான். உன் டென்த் ஹால் டிக்கெட் போட்டோவை வைத்து வரைந்தேன். முடியை மாற்றினேன், மூக்கைக் கொஞ்சம் நீட்டினேன், யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். சைக்கிளிலிருந்து விழுந்து உன் இடது புருவத்தில் வந்த வெட்டை மட்டும் எடுக்க மனசு வரவில்லை.

என் வேலை என்ன என்று வீட்டில் யாரும் இதுவரை சரியாகக் கேட்டதில்லை. நோயோடு இருக்கும் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே கவுன்சலரிடம் பேசுவதற்கான ஆப் இது. முகம் காட்டப் பிடிக்காதவர்கள் நான் வரைந்த முகம் ஒன்றை மாட்டிக்கொண்டு பேசலாம். கண், கன்னம், முடி, நிறம் எல்லாம் அவரவர் இஷ்டம். இதற்கு அவதார் என்று பெயர். வீட்டுக்கார மரகதவல்லி மாமியிடம் நான் அவதார் செய்கிறேன் என்றேன். "பத்துல எதும்மா?" என்று கேட்டார். பத்துமே செய்கிறேன் மாமி என்றேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

முதல் மூன்று முகங்களை உனக்காகத்தான் செய்தேன். நீ வீடியோ காலில் விட்டத்தை மட்டும் காட்டிப் பேச ஆரம்பித்திருந்தாய். உன்னை யாரும் பார்க்காமலே நீ யாரிடமாவது பேச வேண்டும் என்று நினைத்தேன். ஏழாவதை ஏன் செய்தேன் என்றால், அந்த முகம் எங்காவது நன்றாக இருக்கட்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

அக்கா கீர்த்தி


நகரி
13 ஜூன் 2025

அக்காவுக்கு,

தபால்காரர் வீட்டு வாசலில் நின்றதும் தெருவே கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்துவிட்டது. நைனா தறியை நிறுத்தாமலே எட்டிப் பார்த்து, "இன்னாடா, யாரு?" என்றார். எல்.ஐ.சி. என்று சொல்லிவிட்டேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான்தான் உனக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

'அந்த முகம் எங்காவது நன்றாக இருக்கட்டும்.' செத்துப்போனவனைப் பற்றி எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறாய். நான் இங்கேதான் இருக்கிறேன். உப்பில்லாத இட்லி தின்றுகொண்டு இருக்கிறேன்.

முதல் நாள் ஆப்பைத் திறந்து ஒவ்வொரு முகமாகத் தள்ளிப் பார்த்தேன். ஏழாவது வந்ததும் கை நின்றுவிட்டது. கண்ணாடியில் நான் தேடிக்கொண்டிருக்கும் மூஞ்சியை, வேண்டியவன் எடுத்துக்கொள் என்று நீ வரிசையில் வைத்திருக்கிறாய். எவனோ ஒருவன் என் புருவத்தோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான். அதை நான் மாட்டிக்கொள்ளலாம் என்றால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் சட்டையையே இரவல் வாங்குகிற மாதிரி.

அதனால் மீசைக்கார அங்கிளை எடுத்தேன். கவுன்சலர் அலர்மேல் மேடம் வாராவாரம் அந்த அங்கிளிடம், "தூக்கம் வர்றதாப்பா, மாத்திரை எடுத்துக்கறியா?" என்று கேட்கிறார். அங்கிள், "எடுத்துக்கறேன் மேடம்" என்கிறார். நீ வரைந்த வாய் சும்மா இருக்கும்போதும் சிரிக்கிறது. அங்கிள் சிரிப்பதைப் பார்த்து மேடமும் சந்தோஷமாக, "ரொம்ப நன்னா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போகிறார். நல்ல ஆப்தான்.

காலேஜ் திறந்துவிட்டது. நான் போகவில்லை. அங்கே என் பெயர் பூரி. "ஏம்ரா பூரி, நூன எக்குவா?" என்று கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். எண்ணெய் அதிகமா என்று அர்த்தம், ஆபீஸ் இங்கிலீஷில் உனக்குத் தெலுங்கு மறந்திருந்தால்.

இன்னொன்று. நேற்று அங்கிளைக் கழற்றிவிட்டு, இப்போது இருக்கிற என்னை அப்படியே செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். உன் ஆப்பால் முடியவில்லை. கன்னத்தை எவ்வளவு வேண்டுமானாலும் உருட்டலாம், அது சரி. என் கன்னம் இப்போது கொஞ்சம் வற்றியும் இருக்கிறது, நீ சந்தோஷப்படலாம். ஆனால் கண்ணுக்கு மூன்றே தினுசு வைத்திருக்கிறாய், பெரிய கண், சின்னக் கண், தூங்குமூஞ்சிக் கண். எனக்குக் காலையில் எழுந்தால் இமை இரண்டும் வீங்கி ஒட்டிக்கொள்கிறது. வெயில் ஏறின பிறகுதான் திறக்கிறது. வீக்கம் கன்னத்திலிருந்து கிளம்பிக் கண் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அப்படி ஒரு இமை உன் ஆப்பில் எங்கே இருக்கிறது? நோயாளிகளுக்காகச் செய்ததாம்.

மாத்திரை அட்டை காலியாகிறது என்று அம்மாவே சொல்லிவிட்டாளே. அப்புறம் என்ன.

மோகன்ராஜ்


திருப்பதி
16 ஜூன் 2025

மோகா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன் நைனா உன் எதிரில் வந்து நின்றிருப்பார். நான்தான் போன் செய்தேன். நீ என்னை மன்னிக்க மாட்டாய் என்று தெரிந்துதான் செய்தேன்.

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். இமை பற்றி எழுதியிருந்ததை முதலில் ஒரு புகாராகத்தான் எடுத்துக்கொண்டேன். சரிதான், இமையை விட்டுவிட்டோமே என்று அலர்மேல் மேடத்திடம் போனேன். உன் பெயரைச் சொல்லவில்லை. ஆப்பில் கன்னம் உப்புவதற்கு வைத்தது போல இமை வீங்குவதற்கும் ஒன்று வைக்கலாமா என்று மட்டும் கேட்டேன். "கண் இமையா? இரும்மா, கிட்னி டாக்டரக் கேட்டுச் சொல்றேன்" என்றார். எனக்கு எதிரிலேயே போன் போட்டார். வேலை விஷயமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டு நின்றேன்.

போனை வைத்துவிட்டு மேடம் சொன்னார். கன்னம் உருண்டால் அது மாத்திரையின் வேலை. காலையில் இமை வீங்கினால் அது வியாதியின் வேலை, சிறுநீரில் புரதம் மறுபடி ஒழுக ஆரம்பித்திருக்கிறது. மாத்திரை எடுக்கிற பிள்ளைக்குக் கன்னம் வற்றி இமை வீங்கினால், அந்தப் பிள்ளை மாத்திரை எடுக்கவில்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

அவர் சொன்னது அப்படியே உன் கடிதம். மேடம் நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவர் வாராவாரம் பேசுகிற மீசைக்கார அங்கிள் என் தம்பி என்று அப்போதும் நான் சொல்லவில்லை.

வீக்கம் கண் வழியாகப் போகவில்லை, மோகா. கண் வழியாக வந்துகொண்டிருக்கிறது.

நீ வாராவாரம் ஒரு கவுன்சலருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறாய். உன் இமை ஒட்டிக்கிடக்கிறது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது நான் வரைந்த சிரிப்பை. உன்னை யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் அதைச் செய்தேன். யாருமே பார்க்கவில்லை. உட்கார்ந்தால் நின்றால் இதே நினைப்பாக இருக்கிறது. நீ ராத்திரி மூச்சு வாங்குகிறாயா, காலில் சாக்ஸ் தடம் பதிகிறதா, நைனா காரை எங்கே பிடிப்பார், புத்தூர் ரோட்டில் வண்டிகள் நிற்காமல் இருக்க வேண்டுமே, எல்லாம் வந்துபோகிறது.

திட்டு. ஆனால் காரில் ஏறு.

கீர்த்தி


திருப்பதி, ஆஸ்பத்திரி
24 ஜூன் 2025

அக்காவுக்கு,

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது கேலிக்கூத்து என்று அம்மா சொல்கிறாள். இருக்கட்டும். நீ உள்ளே வந்தால் நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறேன். இதை அம்மாவிடமே கொடுத்து அனுப்புகிறேன்.

நீ போன் செய்த அன்று என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். நைனா போனை வைத்தார். நேராகத் தறிக்கூடத்துக்குப் போனார். மூலையில் காலி நூல் கோன்கள் அடுக்கியிருக்குமே, அட்டைக் கூம்புகள், அதில் ஒன்றை எடுத்துக் குலுக்கினார். சத்தம் வந்தது. அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஒருவேளை முன்னாடியே சத்தம் கேட்டு, வேறு எதுவோ என்று விட்டிருப்பார். இன்னொன்றை எடுத்தார், அதிலும் நான் ஒளித்து வைத்த மாத்திரை இருந்தது. எல்லா மாத்திரையையும் தரையில் கொட்டிவிட்டுத் தறியை நிறுத்தினார். நம் தெருவில் பகலில் தறி நின்றால் சாவு என்று அர்த்தம். எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள்.

நைனா கேட்டது ஒன்றுதான். "மூஞ்சிக்கோசரமாடா?" 

அடித்திருந்தால் பரவாயில்லை. அவர் குரல் அப்படி இருந்து நான் கேட்டதே இல்லை. வண்டி வரும்வரை அந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே இருந்தார்.

வயிற்றில் நீர் சேர்ந்திருக்கிறதாம். கையில் ஊசி ஏறிக்கொண்டே இருக்கிறது. மறுபடி ஸ்டீராய்டு, முன்பைவிட அதிகம். டாக்டர் நல்லவர், மறைக்கவில்லை. "மொஹம் இன்னும் லாவ் அவுதுந்தி, பயப்படாத" என்று பாதி தெலுங்கு பாதி தமிழில் சொன்னார். முகம் இன்னும் குண்டாகுமாம். பயப்படக் கூடாதாம்.

இங்கே நர்ஸ் முழுங்கும்வரை எதிரிலேயே நிற்கிறார், அதனால் முழுங்குகிறேன். வீட்டுக்குப் போனால் யார் நிற்பார்கள்? அதனால் ஒன்று சொல்கிறேன். என் கடிதத்தை வைத்துத்தானே என்னைப் பிடித்துக்கொடுத்தாய். இப்போது நான் சொல்வதைச் செய். முகம் ஏழை ஆப்பிலிருந்தே எடு. எடுத்துவிட்டேன் என்று நீ எழுதினால், வீட்டிலும் மாத்திரை போட்டுக்கொள்வேன். எடுக்காவிட்டால் எனக்குத் தெரியாது.

மிரட்டல்தான். தெரிந்துதான் எழுதுகிறேன்.

மோகன்


ஆஸ்பத்திரி வராந்தா
26 ஜூன் 2025

மோகா,

எடுத்துவிடுகிறேன்.

இதற்கு மேல் எழுதாமல் மடித்து அம்மாவிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் உன் கட்டிலுக்கும் நான் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு கதவுதான். அது திறக்கும்போதெல்லாம் உன் கால் தெரிகிறது. அதனால் எழுந்து போக முடியவில்லை, எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

நீ கேட்டதில் நியாயம் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் உன் முகத்தை எடுத்தேன். வெள்ளிக்கிழமை அப்டேட்டுக்கு எழுதிக் கொடுத்தேன், அது ஒரு வாரம் தள்ளிப்போய் அடுத்த வெள்ளிக்கிழமை ஆகியிருக்கிறது. ஏன் தள்ளிப்போனது என்றும் சொல்லிவிடுகிறேன். யார் என்ன பேசுகிறார்கள், யார் எந்த முகத்தில் வருகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. எந்த முகம் அதிகமாக எடுக்கப்படுகிறது என்பது மட்டும் தெரியும். பத்தில் அதிகம் ஏழுதான். அலர்மேல் மேடம், "திடீர்னு எடுத்துடாதே. கொழந்தேளுக்கு மொதல்ல சொல்லணும். சில பேர் ஒரு மொகத்தப் போட்டுண்டாத்தான் வாயே தெறக்கறா" என்றார். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பேசும் புதன்கிழமை கூட்டுப் பேச்சில் அவரே அறிவிப்பார். உனக்கும் அழைப்பு வரும். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

இமைக்கும் விரலால் இழுத்து நகர்த்துகிற ஸ்லைடர் ஒன்று வைத்தாகிவிட்டது. இரண்டு பக்கமும் வீங்கும். அதை நகர்த்துகிற பிள்ளைக்குக் கீழே ஒரு கேள்வி வரும், இது காலையில் இப்படி இருக்கிறதா, கவுன்சலரிடம் சொல்லலாமா என்று. சும்மா இருக்கும்போது சிரிக்கிற வாயையும் மாற்றச் சொல்லிவிட்டேன். அதுவும் அதே அப்டேட்டில்தான் வரும்.

எனக்கு ஒரே பயம்தான். முகம் ஏழை எடுத்த பிறகும் நீ முழுங்கவில்லை என்றால்? உன்னிடம் பேரம் பேச என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. எட்டாவது முகத்தை என் முகமாக மாற்றி உனக்குக் கொடுக்கட்டுமா, அதைக் காலேஜ் முழுக்கக் காட்டு. என்ன கேட்டாலும் தருகிறேன், மாத்திரையை மட்டும் பேரத்தில் வைக்காதே.

நைனா கடைசிக் கட்டிலைத் தாண்டி ஜன்னல் ஓரம் நிற்கிறார். சட்டைப் பையில் எதையோ தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். தரையில் பொறுக்கிய மாத்திரைகள் அவை என்று அம்மா சொன்னாள். தூக்கிப் போட மாட்டேன் என்கிறாராம்.

கீர்த்தி


ஆஸ்பத்திரி
2 ஜூலை 2025, புதன்

அக்கா,

முகம் ஏழை எடுக்காதே. முதலில் ஆபீஸுக்குப் போன் செய்து இதைச் சொல்லிவிடு, பிறகு மீதியைப் படி.

இன்று காலை கூட்டுப் பேச்சுக்கு அம்மா போனைத் தலையணையில் சாய்த்து வைத்துக் கொடுத்தாள். நான் மீசைக்கார அங்கிளாகப் போனேன். பச்சை முடி வைத்த ஒரு பெண், கண்ணாடி போட்ட ஒருவன், இன்னும் சிலர் இருந்தார்கள். கடைசியாக ஒருவன் வந்தான். என் மூஞ்சியோடு வந்தான். புருவத்தில் வெட்டு, அதே ஹால் டிக்கெட் பார்வை.

மேடம் விஷயத்தைச் சொன்னார், முகம் ஏழு வெள்ளிக்கிழமையிலிருந்து இருக்காது என்று. அப்புறம் என் மூஞ்சி பேச ஆரம்பித்தது. குரல் இன்னும் உடையவே இல்லை, சின்னப் பையன். அவன் தன்னைப் பற்றி என்ன சொன்னான் என்று எழுத மாட்டேன். அங்கே பேசினதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி, நான் உன்னைப் போல இல்லை. பேசிக்கொண்டே அழ ஆரம்பித்தான் என்பதை மட்டும் சொல்கிறேன். அழுகைச் சத்தம் வருகிறது, என் வாய் சிரித்துக்கொண்டே இருக்கிறது. என்னால் பார்க்க முடியவில்லை அக்கா. அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

நான் சொன்னது என்னுடையது, அதனால் எழுதலாம். "காலைல எழுந்தா இமை ஒட்டிக்கினு இருக்குதாடா?" என்று கேட்டேன். கன்னம் என்றால் மாத்திரை, இமை என்றால் வியாதி என்று சொன்னேன். வீக்கம் கிளம்பிப் போகிறது என்று நினைக்காதே, நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றேன். அவன் நம்பவில்லை. ஒரு மீசைக்கார அங்கிள் சொல்வதை எவன் நம்புவான்? "உங்களுக்கு இன்னா தெரியும் அங்கிள்" என்றான்.

அதனால் அங்கிளை அணைத்துவிட்டு கேமராவைப் போட்டேன். "நிச்சயமாத்தானாப்பா?" என்று மேடம் கேட்டார். அவர் என்னைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆமாம் மேடம் என்றேன். பூரி முழுசாகத் திரையில் தெரிந்தது, பின்னால் ஆஸ்பத்திரித் தலையணை. இமையைக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினேன். பாரு, இங்கே வற்றிவிட்டது, இங்கே கன்னம் உருண்டிருக்கிறது, இதுதான் சரி என்றேன்.

என் பழைய மூஞ்சி என் புது மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அப்புறம், "வலிக்குமாண்ணா?" என்று கேட்டது.

"இல்லடா. பசிக்கும், அவ்ளோதான்" என்றேன்.

நர்ஸ் வைத்துவிட்டுப் போன காலை மாத்திரை கிண்ணத்தில் இருந்தது. அவன் பார்க்க எடுத்துப் போட்டுத் தண்ணீர் குடித்தேன். வாயைத் திறந்து காட்டினேன், இங்கே நர்ஸுக்குக் காட்டுவது போல. அவன் அம்மாவைக் கூப்பிடச் சொன்னார் மேடம். அவன் எழுந்து போய்விட்டான் போலிருக்கிறது, படம் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு மாத்திரை அட்டை உடைகிற சத்தமும், தண்ணீர் டம்ளர் கீழே வைக்கிற சத்தமும் கேட்டன. இது பேச்சு இல்லை, அதனால் உன்னிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அந்த மூஞ்சி அவனிடமே இருக்கட்டும். எனக்கு இப்போது வேண்டாம். அந்த வாயை மட்டும் சீக்கிரம் சரி செய்.

நைனாவிடமும் சொன்னேன், பையில் இருப்பதைத் தூக்கிப் போடு நைனா, இனி தேவைப்படாது என்று. "இருக்கட்டும், நீ வூட்டுக்கு வா, அப்பறம் பாக்கலாம்" என்றார். அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. வருகிறபோது வரட்டும்.

நாளைக்கு அம்மாவை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு நீ உள்ளே வா. சுவர் பக்கம் திரும்ப மாட்டேன். உன் மடிக்கணினியையும் எடுத்து வா, என்னை எதிரில் வைத்துப் பதினொன்றாவது முகம் செய். புருவ வெட்டு இருக்கட்டும். கன்னத்தை எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளு. இமையை மட்டும் தொடாதே.

பூரி